பின்பலகை ஓட்டைகள்: எதைத் திறந்து வைப்பது, எதை மூடுவது

அவுட்போர்டு மோட்டார் பூட்டிய 4 முதல் 6 மீட்டர் படகின் பின்பலகையைக் குனிந்து பார்த்தால் குறைந்தது மூன்று ஓட்டைகள் தெரியும். சில படகுகளில் ஐந்தாறுகூட இருக்கும். பழைய படகு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, இதையெல்லாம் அடைத்துவிடலாமா என்பதுதான். கடலில் இருக்கும்போது அடைத்தே ஆக வேண்டியது ஒன்றுதான். அதை அடைக்க மறந்தாலும் படகு மூழ்கும், திறந்திருக்க வேண்டியதை அடைத்தாலும் மூழ்கும். குழப்பமாக இருக்கும் இந்த விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஓட்டை எதற்காக இருக்கிறது என்று தெரிந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மொரீஷியஸில் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளத் தனிக் காரணங்கள் உண்டு. இங்கே படகுகள் லகூனில், அதாவது பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிய கடலில், மிதவையில் கட்டியபடியே மாதக்கணக்கில் கிடக்கின்றன. மேலே கொட்டும் மழை அத்தனையும் படகுக்குள்தான் விழுகிறது. வெளியே போய்த் திரும்பும்போது பவளப்பாறையின் இடைவெளியில், அதாவது பாஸில், அலை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் பதில் பின்பலகையில்தான் இருக்கிறது.

எந்த ஓட்டை எதற்கு

பின்பலகையின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி இருப்பது அடித்துளை. தரைப்பலகைக்குக் கீழே சேரும் பில்ஜ் தண்ணீர், படகைக் கரையேற்றிய பிறகு வடிவதற்கான வழி. படகு நீரில் இருக்கும்வரை இது நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். பிளக் போட்டிருக்க வேண்டும். இங்கே கடையில் ‘பூசோன்’ என்று கேட்டு வாங்குவது இதற்கானதைத்தான்.

கொஞ்சம் மேலே, மோட்டாருக்கு இடமும் வலமும் இருப்பவை ஸ்பிளாஷ் வெல் துளைகள். மோட்டாருக்கு முன்னால் தொட்டி மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதே, அதன் தரையிலிருந்து வெளியே போகும் குழல்கள் இவை. எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

தரை நீர்மட்டத்துக்கு மேலே அமைந்த படகுகளில் இரு ஓரங்களிலும் இன்னும் இரண்டு துளைகள் இருக்கும். இவை ஸ்கப்பர்கள்; தரையில் விழும் தண்ணீர் தானாக வெளியே போக. இவையும் திறந்தே இருக்க வேண்டும், ஆனால் வெளிப்பக்கம் ஒரு ரப்பர் மடலோ பந்து அடைப்போ இருந்தால் நல்லது. மீன் தொட்டி வைத்த படகாக இருந்தால் அதன் நீர் உள்வாயும் வெளிவாயும் தனி.

எது எதுவென்று சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். படகு கரையில் இருக்கும்போது ஒரு வாளித் தண்ணீரை ஸ்பிளாஷ் வெல்லில் ஊற்றுங்கள், இன்னொன்றைத் தரையில் ஊற்றுங்கள். எந்தத் துளை வழியாக எது வெளியே வருகிறதென்று பாருங்கள். ஸ்பிளாஷ் வெல்லில் ஊற்றியது அடித்துளை வழியாக வந்தால் உங்கள் படகில் கோளாறு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கண்ணில் படாத துளைகளும் உண்டு. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களில், தண்ணீர் பின்னால் ஓடி வருவதற்காகச் சிறு வழிகள் விட்டிருப்பார்கள். இவை அடைபட்டால் அணியப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், நிற்கும் தண்ணீர் பம்பை எட்டவே எட்டாது. பில்ஜ் காய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு 50 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிவீர்கள். அணியத்தை நன்றாகத் தூக்கி வைத்து அரை மணி நேரம் காத்திருந்து, அடித்துளையில் எவ்வளவு வருகிறதென்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பிளாஷ் வெல்லின் வேலை

ஷாஃப்ட் குட்டையான மோட்டாருக்குப் பின்பலகையின் உயரம் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. நீள ஷாஃப்டுக்கு 20 அங்குலம், 51 செ.மீ. படகின் பக்கச் சுவர் 60 செ.மீ. உயரம் இருந்தாலும், மோட்டார் உட்காரும் இடத்தில் மட்டும் அதை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் வாசல் விட்ட கதைதான் இது: அலை உள்ளே வர நினைத்தால் அந்த வழியாகத்தான் வரும். அந்த வாசலுக்கு உள்ளே கட்டிய இரண்டாவது சுவர்தான் ஸ்பிளாஷ் வெல்லின் முன்சுவர். அலை தாழ்ந்த வெட்டின் மேலாக ஏறி வரும், வெல்லில் விழும், முன்சுவர் தடுக்கும், துளைகள் வெளியே விடும்.

ஆகவே வெல்லில் தண்ணீர் தெறிப்பதும் நிற்பதும் கோளாறு இல்லை. அது வரத்தான் செய்யும். அங்கிருந்து படகின் அடிவயிற்றுக்குப் போனால்தான் கோளாறு. வெளியே போக நேரமெடுத்தாலும் கோளாறு.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வெல் 100 செ.மீ. அகலம், 40 செ.மீ. முன்பின், வெட்டிலிருந்து 15 செ.மீ. ஆழம் என்றால் அதில் 60 லிட்டர் பிடிக்கும். படகின் கடைக்கோடியில், மோட்டாரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், திடீரென 60 கிலோ. 25 மி.மீ. துளை இரண்டு இருந்தால் அது காலியாக ஏறத்தாழ 2 நிமிடம். 38 மி.மீ. துளை இரண்டு என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பரப்பு 2.3 மடங்கு. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் பாஸுக்கு வெளியே 2 நிமிடத்தில் பத்துக்கு மேற்பட்ட அலைகள் வந்துபோகும். அவற்றில் ஒன்று போதும், வெல் காலியாவதற்கு முன் மறுபடி நிரப்ப.

பழைய படகுகளில் பெரும்பாலும் 25 மி.மீ. குழல்தான் இருக்கும். பின்பலகையில் கை வைக்கும் வேலை எப்படியும் வருகிறது என்றால் 38 மி.மீ.க்கு மாற்றிவிடுவது மிச்சமுள்ள எல்லாச் செலவையும்விடப் பலன் தரும். மடல் மாட்டினால் கணக்கில் வந்த வேகத்தில் கொஞ்சம் குறையும். அதற்காகவும் பெரிய துளை நல்லது.

அடுத்தது, வெல்லின் முன்சுவரில் இருக்கும் பெரிய ஓட்டை. கேபிள், பெட்ரோல் குழாய், பேட்டரி வயர் எல்லாம் படகுக்குள்ளிருந்து மோட்டாருக்குப் போகும் வழி. தொழிற்சாலையில் இதற்கு ஒரு ரப்பர் உறை போட்டிருப்பார்கள், இரு முனையிலும் கிளிப்போடு. நாலைந்து வெயில் காலத்தில் ரப்பர் வெடித்துவிடும். பிறகு வெல்லில் நிற்கும் தண்ணீரில் பாதி இந்த ஓட்டை வழியாக நேரே பில்ஜுக்குத்தான் போகிறது. ‘எங்கிருந்து தண்ணீர் வருகிறதென்றே தெரியவில்லை’ என்று படகு முழுக்கத் தேடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். வாளித் தண்ணீர் சோதனையில் வெல்லில் ஊற்றியது அடித்துளையில் வந்தால் பத்தில் எட்டு தடவை காரணம் இதுவாகவோ, குழலுக்கும் மரத்துக்கும் இடையில் விட்டுப்போன சீலன்ட்டாகவோதான் இருக்கும். சோதனைத் தண்ணீரில் கேசரிப் பவுடரோ உணவுக்குப் போடும் சாயமோ கலந்தால் எங்கே கசிகிறதென்று கண்ணால் பார்க்கலாம். மஞ்சள் தூளைப் போடாதீர்கள். வெள்ளை ஜெல்கோட்டில், அதாவது கண்ணாடிநாரின் வெளிப்பூச்சில், ஏறிய மஞ்சள் கறை லேசில் போகாது.

புது உறை வாங்கும்போது வெட்டின் உயரத்துக்கு மேலே முன்சுவரில் வாய் வைக்க முடியுமா என்றும் பாருங்கள். தாழ்ந்த பழைய ஓட்டையை கண்ணாடிநார் வைத்து மூடி, கேபிள்களை உயரத்தில் கொண்டுபோவதே நிரந்தரத் தீர்வு.

சாதாரண பிரோக்கில், அதாவது திறந்த சிறு மீன்பிடிப் படகில், ஸ்பிளாஷ் வெல் இருக்காது; மோட்டார் நேராகப் பின்பலகையில் தொங்கும். ஒன்று கட்ட நினைத்தால் முதலில் மோட்டாரை முழுக்கச் சாய்த்து, இடக்கோடி வலக்கோடி திருப்பி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று அளந்து, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. விட்டு அளவு போடுங்கள். 12 மி.மீ. மரைன் பிளைவுட், இருபுறமும் 450 கிராம் நார்ப்பாய் இரண்டு அடுக்கு. வெல்லின் தரை பின்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். முன்சுவர் குறைந்தது பக்கச் சுவரின் உயரத்துக்கு வர வேண்டும். இதில் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள், உட்கார வசதியாக இல்லை என்று.

நிற்கும்போது வெல்லில் தண்ணீர் ஏறுகிறதா?

படகு ஓடும்போது ஒன்றுமில்லை. தூண்டில் போட நிறுத்தினால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கணுக்கால் ஆழம் நிற்கிறது. இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் தீர்வு, அந்தத் துளைகளில் ரப்பர் அடைப்பான் போடுவது. பிறகு மேலாக வரும் அலைக்கு வெளியே போக வழியே கிடையாது. வெல் தொட்டியாகிவிடுகிறது. 60 கிலோ நிரந்தரமாக ஏறிக்கொண்டு பின்பக்கம் தாழும். தாழ்ந்தால் அடுத்த அலை இன்னும் எளிதாக ஏறும். வெட்டிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள தூரம் இப்படித்தான் ஒவ்வொரு அலைக்கும் குறைகிறது.

துளை நீரில் மூழ்குவது அடையாளம். நோய் வேறு: படகின் பின்பக்கம் இருக்க வேண்டியதைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஏன் என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் மோட்டார். அதே 40 குதிரைத்திறனில் பழைய டூ-ஸ்ட்ரோக்கை எடுத்துவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டினால் 20 கிலோவுக்கு மேல் எடை கூடும். பக்கவாட்டில் ஒரு கைமோட்டாரும் தொங்கினால் இன்னும் கூடும். 5 மீட்டர் படகில் எடை நடுவில் ஏறினால் 60 கிலோவுக்கு 1 செ.மீ. வீதம் மொத்தமாக அமிழும். அதே 60 கிலோ கடைசி நுனியில் ஏறினால் அணியம் தூக்கி, பின்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 4 செ.மீ. இறங்கும். டில்லர் (மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி) பிடிக்கும் ஆள் 75 கிலோ என்றால் அவர் ஒருவராலேயே 5 செ.மீ. ஆகவே ஆளில்லாத படகைக் கரையில் நின்று பார்த்து ‘துளை நீருக்கு மேலேதான் இருக்கிறது’ என்று முடிவுகட்டக் கூடாது.

சரியாகப் பார்க்கும் முறை: காற்றில்லாத காலை நேரம், லகூனுக்குள். பெட்ரோல் தொட்டி நிறைய, ஐஸ் பெட்டி நிறைய, மோட்டார் இறக்கிய நிலை, வழக்கமாக வரும் ஆட்கள் வழக்கமான இடத்தில். வெளியே ஒருவர் நீரில் நின்று, நீர்மட்டம் தொடும் இடத்தில் பின்பலகையின் இரு ஓரத்திலும் டேப் ஒட்ட வேண்டும். கரைக்கு வந்து டேப்புக்கும் துளையின் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 0 முதல் 5 வரை என்றால் மடல் கட்டாயம். துளை டேப்புக்குக் கீழே போய்விட்டால் சாமான்களை முன்னால் நகர்த்தத் தொடங்குங்கள்: பேட்டரியை நடு இருக்கையின் அடிக்கு, 25 லிட்டர் பெட்ரோல் டாங்க்கை இன்னும் ஒரு மீட்டர் முன்னால், நங்கூரமும் சங்கிலியும் அணியத்துக்கு. பேட்டரி நகர்ந்தால் வயர் நீளும். நீளத்துக்கேற்பக் கனமான வயர் போடாவிட்டால் ஸ்டார்ட்டர் திணறும்.

இவ்வளவும் செய்தும் தாழ்ந்தே நிற்கிறதென்றால் தரைக்குக் கீழே அடைத்திருக்கும் நுரை தண்ணீர் குடித்திருக்கலாம். இருபது வருடப் படகுகளில் இது சகஜம். தரையில் 50 மி.மீ. துளை போட்டு ஒரு துண்டு நுரையை எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொட்டினால் தரையைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை; வெயிலில் காய வைத்தால் மூடிய நுரை காயாது.

மடல் பற்றி இரண்டு வார்த்தை. வெளிப்பக்கம் திருகும் ரப்பர் மடல் மலிவு, ஆனால் வெயிலில் விறைத்து ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வருடம் ஒரு தடவை மாற்றுங்கள். உள்ளே பந்து மிதக்கும் வகை நன்றாக அடைக்கும், ஆனால் பவள மணலோ மீன் செதிலோ அறுந்த நைலான் நூலோ போய் உட்கார்ந்தால் பந்து பாதியில் நிற்கும். நம் கடற்கரையில் இன்னொரு எதிரி சவுக்கு, இங்கே பிலாவோ என்பார்கள். பிலாவோ மரத்தடியில் படகைப் போட்டு வைத்தால் அதன் ஊசி இலை வெல்லில் விழுந்து, துளை வாயில் பின்னிக்கொண்டு, மேலே மணல் படிந்து, கெட்டியான தக்கையாகிவிடும். விரலால் எடுக்க வராது. 20 செ.மீ. கம்பித் துண்டு ஒன்றைப் படகிலேயே கட்டி வையுங்கள்.

குழல் மாற்றும் வேலை

பின்பலகை முழுக்கக் கண்ணாடிநார் அல்ல. பெரும்பாலான படகுகளில் நடுவே பிளைவுட் இருக்கும், இருபுறமும் மெல்லிய நார் அடுக்கு. துளையிட்டு அப்படியே விட்டால் வெட்டு முனையில் பிளைவுட் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் உள்ளே ஒரு குழல் வைத்து, இருபக்கமும் விளிம்பு மடித்து, சீலன்ட் போடுகிறார்கள். குழல் கெட்டால் மோட்டாரைத் தாங்கும் பலகையே உளுத்துப்போகும். சின்னக் குழல் என்று அலட்சியம் கூடாது.

பித்தளைக் குழலின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் போய் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் உப்பு நீர் அதிலுள்ள துத்தநாகத்தை எடுத்துவிட்டது. ஒரு தட்டில் உதிரும். வெடிப்பு பெரும்பாலும் மடித்த விளிம்பில்தான் வரும், அதுவும் உள்பக்கம், பார்க்க முடியாத இடத்தில். பின்பலகையைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், உளுத்த இடத்தில் மொத்தென்று.

மாற்றும்போது பழைய விளிம்பை ஒரு பக்கம் அரத்தால் முழுக்க ராவிவிட்டு, மறுபக்கத்துக்குத் தட்டி எடுங்கள். சுத்தியலால் அடித்து நெம்பினால் நார் அடுக்கு பிய்ந்து வரும். குழல் வெளியே வந்ததும் துளைக்குள் திருப்புளியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு வாரம் நிழலில், காற்றோட்டமாகக் காயட்டும். அவசரமென்றால் 60 வாட் பல்பைப் பக்கத்தில் இரண்டு நாள் எரிய விடலாம். திருப்புளி புதைந்தால் அது குழல் வேலை இல்லை, பின்பலகை வேலை. நிறுத்திவிட்டு நல்ல ஆளைக் கூப்பிடுங்கள்.

காய்ந்த மரத்துக்கு எப்பாக்ஸியைத் தூரிகையால் தடவுங்கள். அது உறிஞ்சிக்கொள்ளும், மறுபடி தடவுங்கள். உறிஞ்சுவது நிற்கும்வரை, வழக்கமாக மூன்று பூச்சு. இந்த ஒரு படியைத்தான் கடையில் செய்து தருபவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

பிறகு இரண்டு வழி. ஒன்று, மறுபடி பித்தளைக் குழல்: பலகையின் தடிமனைவிட 3 மி.மீ. நீளமாக வெட்டி, சீலன்ட் தடவிச் செருகி, விளிம்பு மடிக்கும் கருவியால் மெதுவாக இறுக்க வேண்டும். அதிகம் விட்டால் விளிம்பு கிழியும், குறைந்தால் பிடிக்காது. இரண்டு, திருகு மரையுள்ள த்ரூ-ஹல், அதாவது பலகையை ஊடுருவி நட்டால் இறுக்கும் குழல்: 316 ஸ்டெயின்லெஸ், வெண்கலம் அல்லது நைலான். துளையைப் பெரிதாக்குவதென்றால் இதுதான் எளிது. பெரிதாக்கும்போது பழைய துளையில் மரக்கட்டை ஒன்றை இறுக்கமாக அடித்துவிட்டு, அதன் நடுவில் ஹோல்-சாவின் (வட்டத்துளை வாளின்) நடு ஊசியை வையுங்கள். இல்லாவிட்டால் வாள் அலைந்து ஜெல்கோட்டைக் கீறும். வெளியிலிருந்து பாதி, உள்ளிருந்து பாதி என்று அறுத்தால் விளிம்பு சிதறாது. புதுத் துளை வெல்லின் தரையைவிட 2 மி.மீ. தாழ்வாக அமைய வேண்டும். மேலே வைத்தால் எப்போதும் ஒரு குட்டை நிற்கும்.

சீலன்ட்டுக்கு பாலியூரித்தேன் வகை: சிகாஃப்ளெக்ஸ் 291, அல்லது 3எம் 4200. 5200 போட்டால் பிறகு கழற்றவே முடியாது, உலரவும் 5 முதல் 7 நாள். குளியலறைச் சிலிக்கான் வேண்டாம். அதன் மேல் பிறகு வேறெதுவும் ஒட்டாது. பாலிசல்ஃபைடு வகையை பிளாஸ்டிக் பொருத்துகளுக்குப் போடாதீர்கள், பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். அலுமினியப் படகில் பித்தளைக் குழலும் பித்தளை பிளக்கும் கூடவே கூடாது. உப்பு நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அரிபடுவது அலுமினியம்தான்.

அடித்துளை பிளக்

25 மி.மீ. குழலுக்கு நெம்புகோல் மடக்கும் ரப்பர் பிளக். மடக்கினால் ரப்பர் பக்கவாட்டில் உப்பி அடைக்கும். நெம்புகோலை மடக்கும்போது கட்டைவிரலுக்கு நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். லேசாக மடங்கினால் அடியில் உள்ள நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். இரு கையால் மடக்க வேண்டியிருந்தால் ரப்பர் சீக்கிரம் வெட்டுப்படும். மரையுள்ள பித்தளை அல்லது நைலான் பிளக்காக இருந்தால் கையால் நேராகப் பிடித்து, முதல் இரண்டு சுற்று விரலால் மட்டும் திருக வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பானர் போட்டால் மரை மாறி ஏறி, குழலே பாழாகும். கொஞ்சம் கிரீஸ், வருடத்துக்கு ஒரு புது ஓ-ரிங்.

பிளக்கை உள்ளிருந்து போடும் வசதி இருந்தால் அப்படியே போடுங்கள். கடலில் தேவைப்படும்போது கை எட்டும். உதிரி இரண்டு, கூடவே கூர்முனை மரத்தக்கை ஒன்று, அடித்துளைக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கட்டும்.

பிளக் இல்லாமல் படகை இறக்கினால் என்ன ஆகும்? துளை நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 1.8 டன். ‘500’ என்று எழுதிய பில்ஜ் பம்ப்பின் அளவு மணிக்கு 500 கேலன், அதாவது நிமிடத்துக்கு 31 லிட்டர் சொச்சம். அதுவும் மேலே தூக்காமல், புதுப் பேட்டரியில். குழாய் வளைந்து மேலே போய் வெளியேறும்போது அதில் பெருமளவு குறைந்துவிடும். அந்த பம்ப் ஒரே ஒரு திறந்த பிளக்குக்கே ஈடுகொடுக்காது. 1100 வாங்குங்கள்.

கடலில் தெரியவந்தால் மோட்டாரை உடனே நிறுத்தாதீர்கள். படகு எழும்பி ஓடும்போது பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் விலகி ஓடுவதால் உள்ளே வருவது நிற்கும், உள்ளே இருப்பதும் வெளியே இழுபடும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உள்ளிருந்து பிளக்கைப் போட வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே அதிகமாகி, படகு எழும்ப மறுத்தால் வேகம் கூட்டிப் பயனில்லை. தண்ணீரெல்லாம் பின்னால் ஓடி இன்னும் அமிழும். ஆட்களை முன்னால் நகர்த்தி, துணி சுற்றிய மரத்தக்கையைத் துளையில் அழுத்தி, வாளியால் இறையுங்கள். லகூனுக்குள் என்றால் நேராக மணல் கரையைப் பார்த்து ஓட்டி ஏற்றுவதே சுருக்கு வழி. வெளியிலிருந்து போட ஒருவர் நீரில் இறங்க வேண்டியிருந்தால், மோட்டார் நின்று சாவி கையில் இருந்த பிறகுதான்.

ஓடிக்கொண்டே வேண்டுமென்றே பிளக்கை எடுத்துத் தண்ணீரை வடிய விடுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும். ஆனால் வேகம் குறைக்கும் முன் திரும்பப் போட வேண்டும். பாஸுக்கு அருகிலோ ஆள் துணையில்லாமலோ செய்யக் கூடாது.

வேகம் குறைப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். முழு வேகத்திலிருந்து த்ராட்டிலைச் சட்டென்று இழுத்தால், உங்கள் படகே பின்னால் எழுப்பிய அலை இரண்டு மூன்று நொடியில் வந்து வெட்டைத் தாண்டும். இரண்டு படியாகக் குறையுங்கள்; அந்த அலை நெருங்கும்போது ஒரு சின்னத் தள்ளு கொடுங்கள். அலைக்கு எதிராக ரிவர்ஸ் போவதும், பின்பக்கம் நங்கூரம் போடுவதும் ஒரே வகைத் தவறு. வெல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குத் தாங்காது.

மழைக்காலமும் காவடி விரதமும்

ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீட்டில் பத்து நாள் படகு நகராது. அதே நாட்களில்தான் மழையும் கொட்டும். 1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 5 மீட்டர் பிரோக்கின் திறந்த பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மி.மீ. பெய்தால் 700 லிட்டர், அதாவது 700 கிலோ.

தரை தானாக வடியும் படகு என்றால் ஸ்கப்பர்கள் பார்த்துக்கொள்ளும், சவுக்கு ஊசி அடைக்காதவரை. திறந்த படகுக்கு வழி மூன்று: நடுவில் கம்பு கொடுத்து முகடு தூக்கிய தார்ப்பாய், தானியங்கி மிதவை சுவிட்சோடு பம்பும் சின்ன சோலார் தகடும், அல்லது யாராவது தினம் போய் இறைப்பது. தட்டையாகக் கட்டிய தார்ப்பாய் எதற்கும் உதவாது, குளம் கட்டிக் கிழியும். மிதவை சுவிட்சை வாரம் ஒரு தடவை கையால் தூக்கிப் பாருங்கள். முடியும் எண்ணெயும் சேர்ந்து அதை ஒட்ட வைத்துவிடும். பம்பின் வெளிவாய் நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலாவது இருக்கட்டும், குழாய் அதற்கு முன் பக்கச் சுவரின் மேல்விளிம்பு வரை ஏறி வளையட்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் தாழ்ந்த நேரத்தில் அதே குழாய் கடலை உள்ளே உறிஞ்சும்.

புயலுக்கு முதல் நிலை எச்சரிக்கை வந்தால் இதையெல்லாம் நம்பாமல் படகைக் கரையேற்றுங்கள். பிளக்கை எடுக்கும் முன் பில்ஜ் தண்ணீரில் எண்ணெய் மினுக்குகிறதா என்று பார்த்து, இருந்தால் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். 2020-இல் தரைதட்டிய வாக்காஷியோ கப்பலின் எண்ணெய் மஹேபூர்க் கரையில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணியம் பின்பக்கத்தைவிடக் குறைந்தது 30 செ.மீ. உயரமாக நிற்கும்படி கட்டை கொடுங்கள். மோட்டாரை நேராக இறக்கி வையுங்கள், சாய்த்து வைத்தால் எக்ஸாஸ்ட் வழியாக மழைநீர் தங்கும். அடித்துளை திறந்தபடி இருக்கட்டும், பிளக் மோட்டார் சாவியோடு ஒரே கயிற்றில் தொங்கட்டும். பல வாரம் கரையில் நின்ற படகு என்றால் இறக்கும் முன் எல்லாக் குழல்களிலும் கம்பியை விட்டு எடுங்கள். குளவிக்கு 25 மி.மீ. குழல் என்றால் கூடு கட்ட நல்ல இடம்.